நீ கொடுத்த பூசணிக்காய்

கிராக்கோவ், அக்டோபர் 14

அன்புள்ள யவ்தோகாவுக்கு,

நீயும் பசுவும் நலமா? குண்டு விழும் என்று எச்சரிக்கைச் சங்கு ஊதினால் நிலவறைப் படியில் பார்த்து இறங்கு. நானும் மகள் ஸொர்யானாவும் சுகம். இந்தக் கடிதம் முழுக்க நானே எழுதியது. மூன்று நாள் பிடித்தது. எழுபத்தெட்டு வயதில் என் கையெழுத்தைப் பார்த்தாயா!

நம் நாட்டுப் பெண் வரலாற்று ஆய்வாளர்களுக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை ஸொர்யானாவுக்கு இன்னும் ஓராண்டு நீண்டிருக்கிறது. செவ்வாயன்று அவள் பழைய கிராமத்துப் படங்களைக் காட்டிப் பேசினாள். மங்கலான ஒரு படத்தில், வேலியோரம் நீ ஓர் இளைஞனிடம் பூசணிக்காயை நீட்டுகிறாய். கீழே 'அறுவடை விழா' என்று இருந்ததை நானே படித்து உரக்கச் சிரித்துவிட்டேன்.

"என்னப்பா, மானத்த வாங்குற?" என்றாள்.

"அறுவடையாம்! பொண்ணு கேட்டுப் போன என்னை வேண்டாம்னு சொல்லி உங்கம்மா குடுத்த பூசணிக்காய்டி அது!"

மற்றப் பெண் ஆய்வாளர்கள் கைதட்டினார்கள்.

"அப்புறம் நான் எப்படிப்பா பொறந்தேன்?"

"மறு வருஷமும் போய்க் கேட்டேன்ல!"

என் கம்பளிக் காலுறையை அனுப்பு. இல்லை, நீயே கொண்டு வா. இங்கே எங்கள் வீட்டில் மூன்றாவது கட்டிலில் என் கோட்டுதான் கிடக்கிறது. வசந்தத்தில் அழைத்தபோது பசுவைக் காட்டி மறுத்தாய். அதைப் பக்கத்து வீட்டு ஹாப்காவிடம் விடலாம்.

இதை மகளிடம் சொல்லி எழுதவைக்க வெட்கம். அதனால்தான் எழுத்துக் கற்றேன். தபால்காரர் வரும் நேரம். இரண்டாம் முறை கேட்கிறேன், யவ்தோகா. வருகிறேன் என்று ஒரு சொல் எழுது, நானே படித்துக்கொள்வேன்.

உன்
ப்ரோகிப்