உரிமையாளரை அணுகவும்

அய்யம்பேட்டை
12 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். பிள்ளை சஃபியா லீவு முடிந்து திருச்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போனில் பேசினால் "ஸ்க்ரீனைக் காட்டு, ஸ்க்ரீனைக் காட்டு" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் மெனக்கெட்டு மெயில் எழுதுகிறேன். முழுவதும் படிக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

நீங்கள் கொடுத்தனுப்பி மூஸா அண்ணன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போனார். வாசல் விளக்கு, கேட்டுப் பூட்டு, மாடித் தொட்டி மோட்டார், வயல் போர்வெல் மோட்டார் எல்லாம் இப்போது உங்கள் கம்பெனி ஆப்புக்குள்ளே இருக்கின்றன. சந்தோஷம். ஆனால் நேற்று காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே! செட்டிங்ஸுக்குப் போனால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. "தாமத வினாடி எவ்வளவு?" என்று கேட்கிறது. எனக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும், வினாடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எதையோ தொட்டேன், வாசல் விளக்கு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி "என்னக்கா, வீட்ல விசேஷமா? எங்கள்ட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

இவ்வளவு பொத்தானும் யாருக்காக மச்சான்? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆகஸ்டோடு உங்கள் காண்ட்ராக்ட் முடிகிறது. இந்தத் தடவை வந்தால் திரும்பிப் போவதில்லை என்று நோன்புப் பெருநாளன்று நீங்களாகச் சொன்னீர்கள். டிக்கெட் போட்டாயிற்றா?

உங்கள்
கமருன்னிஸா

&nbsp;

ஷார்ஜா
27 ஜூன் 2025

அன்புள்ள கமருக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். நீல விளக்கைப் படித்துவிட்டு ஆபீஸிலேயே சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

நீ கேட்ட கேள்வியைத்தான் ஒரு வருடமாக நானும் இங்கே கேட்டுச் சண்டை போடுகிறேன். எங்கள் எஞ்சினியர் பையன்களுக்கு எல்லாப் பொத்தானும் வெளியே தெரிய வேண்டும். அவர்களைப் போலத் தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் நூற்றுக்கு ரெண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் செட்டிங்ஸ் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. நாம் எப்படி வைத்து அனுப்புகிறோமோ, கடைசிவரை அப்படியேதான் கிடக்கும். ஆகவே நல்லதாகப் பார்த்து நாமே வைத்துக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒருத்தரும் கேட்பதாக இல்லை.

உன் கடிதம் கைக்கு வந்தது. ரெண்டு வாரம் உட்கார்ந்து "எளிய முறை" என்று ஒன்று செய்து, நேற்று மீட்டிங்கில் காட்டினேன். முதலாளியே கைதட்டினார்! அந்த ஸ்லைடை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீதான் அதில் கதாநாயகி.

நம் வீட்டுக்கும் இங்கிருந்தபடியே எளிய முறையைப் போட்டுவிட்டேன். இனி உனக்கு எந்தத் தொல்லையும் இல்லை, எல்லாம் தானாக நடக்கும். டிக்கெட் விஷயம் பிறகு எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
யூனுஸ்

&nbsp;

அய்யம்பேட்டை
8 ஜூலை 2025

மச்சானுக்கு,

ஸலாம். ஸ்லைடைப் பார்த்தேன். "நிஸா. வயது 42. சிற்றூர் இல்லத்தரசி. செட்டிங்ஸ் என்றாலே பயம். தேர்வு செய்யச் சொன்னால் குழம்பிவிடுவார்." பக்கத்தில் முக்காடு போட்ட பொம்மை ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு போனைப் பார்க்கிறது.

பயம் என்று நான் எங்கே எழுதினேன்? எரிச்சல் என்றல்லவா எழுதினேன்? என் பயத்துக்கும் எரிச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே இருபது வருடம் குடும்பம் நடத்திவிட்டீர்கள். போகட்டும். முன்பின் தெரியாத ஆட்கள் கூடி என்னைப் பார்த்துக் கைதட்டினார்களாம், அதை எனக்கே பெருமையாக எழுதுகிறீர்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைக்கூட விழுங்கிவிட்டிருப்பேன். நேற்று நடந்ததைக் கேளுங்கள். நம் வயலைப் பார்த்துக்கொள்ளும் வீரையன் அண்ணன் குறுவைப் பயிருக்கு யூரியா போட்டுவிட்டு, "ரெண்டு நாளைக்கு மோட்டாரத் தொடாதீங்க தங்கச்சி, போட்ட உரம் பூரா ஓடிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தொடவில்லை. மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆப்பைத் திறந்தால் "இயங்குகிறது, கவலை வேண்டாம்" என்று பச்சையாக ஒரு வட்டம். நிறுத்துவதற்குப் பொத்தானே இல்லை. அங்கே இங்கே அழுத்திப் பார்த்ததில் கடைசியாக ஒரு வரி வந்தது: "மாற்றங்களுக்கு உரிமையாளரை அணுகவும்."

அந்த ஒரு ஏக்கர் என் அத்தா எனக்கு எழுதிக்கொடுத்தது. பட்டா என் பெயரில் இருக்கிறது. என் நிலத்து மோட்டார் என்னைப் பார்த்து உரிமையாளரை அணுகு என்கிறது! அணுகினேன். உரிமையாளர் மீட்டிங்கில் இருந்தார்.

வீரையன் அண்ணன் ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் வரப்பைத் தாண்டி, பக்கத்து வயல் பஞ்சநதத்தின் பயிருக்குள் பாய்ந்துவிட்டது. அவர் வாசலில் வந்து நின்றுகொண்டு, "களைக்கொல்லி அடிச்சு ஒரு நாள்கூட ஆகலங்க, எல்லாத்தையும் அலசிட்டுப் போயிடுச்சு. யாருங்க மோட்டாரப் போட்டது?" என்று சத்தம் போட்டார். ஷார்ஜாவில் இருப்பவர் போட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வது? நான்தான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொத்தான் அதிகம் என்றுதான் சொன்னேன், எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு வாரம் எனக்காக உட்கார்ந்து செய்தீர்களே, ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையா?

டிக்கெட் என்னவாயிற்று?

கமருன்னிஸா

&nbsp;

ஷார்ஜா
11 ஜூலை 2025

என் அன்புக் கமருக்கு,

ஸலாம். பஞ்சநதத்திடம் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓட வேண்டும் என்று வைத்தது என் தவறுதான். முக்கால்வாசிப் பேர் போட மறந்துவிடுகிறார்கள், அவர்களுக்காக அப்படி வைத்தேன். யூரியா என் ஞாபகத்துக்கே வரவில்லை. ஸ்லைடில் பெயரையும் மாற்றிவிடுகிறேன்.

ஆனால் என்னை அப்படியே ஒதுக்கிவிடாதே. அங்கே பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் இங்கே எனக்குச் சாயங்கால மீட்டிங். மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு தினமும் நம் வாசல் விளக்கைப் போடுகிறேன். நீ அது தானாக எரிகிறது என்று நினைத்திருப்பாய். நான்தான். அதைப் போட்டதும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் வீடு.

இன்னொரு விஷயம், கோபப்படாமல் படி. எளிய முறையை எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகப் போகிறார்கள், பொறுப்பு என்னிடம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டுப் போட நேரமில்லை. ஆனால் இப்போது முன்போல் இல்லையே, வீட்டையும் வயலையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள முடிகிறது. உனக்குச் சுமையே இருக்காது.

உன்
யூனுஸ்

&nbsp;

அய்யம்பேட்டை
20 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசல் விளக்கைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். அழுதுகொண்டே அடுத்த பத்திக்குப் போனேன், இரண்டு வருடம் என்று இருந்தது.

போனையும் எடுக்கவில்லை, பதிலும் போடவில்லை என்று சஃபியாவிடம் குறைப்பட்டீர்களாம். வேலையாக இருந்தேன். எல்லாவற்றையும் இயக்கும் பெட்டி, ஹாலில் மாட்டியிருக்கிறதே, அந்த வெள்ளைப் பெட்டிக்கு அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. முக்காட்டு ஊக்கை எடுத்து அதில் குத்திப் பிடித்துக்கொண்டேன். எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரிந்தது. பெட்டி பழசையெல்லாம் மறந்துவிட்டு, யார் நீ என்று புதிதாகக் கேட்டது. என் பெயரைக் கொடுத்தேன். எளிய முறையா, முழு முறையா என்று கேட்டது. முழு முறை என்றேன்.

நாலைந்து நாள் தடுமாறினேன். தொட்டி நிரம்பி மாடிப்படியெல்லாம் ஆறாக ஓடியது. கேட்டு பூட்டிக்கொண்டு என்னையே வெளியே நிறுத்திவிட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது, விடவில்லை. இப்போது வயல் மோட்டார் நான் சொன்னால்தான் ஓடும். வீரையன் அண்ணனுடைய போனிலும் ஓட்டவும் நிறுத்தவும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தாமத வினாடி எதற்கென்றும் தெரிந்துகொண்டேன், அது தேவைதான்.

என் சுமை குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீடு எனக்கு என்றைக்கும் சுமையாக இருந்ததில்லை மச்சான். நீங்கள் இல்லாததுதான் சுமை. இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் வராமல் இருப்பதைத்தான் அங்கே உட்கார்ந்து எளிதாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு நான் இனி ஒத்துழைப்பதாக இல்லை.

எல்லாம் முடித்துவிட்டு உங்களைச் சேர்க்கலாம் என்று போனேன். வகையைத் தேர்வு செய்யச் சொன்னது. "குடும்ப உறுப்பினர்: இந்த வீட்டில் வசிப்பவர். விருந்தினர்: வந்து போகிறவர்." நீங்கள் எழுதிய வரிகள்தான், சந்தேகமில்லை. நல்ல தெளிவான தமிழ், என்னைப் போன்றவர்களுக்கும் புரிகிறது. நான் கொஞ்சமும் குழம்பவில்லை. குடும்ப உறுப்பினர் என்றுதான் அழுத்தினேன். முடியாது என்றது. அந்த ஆள் வீட்டு வைஃபைக்குள் இருந்தால்தான் அப்படிச் சேர்க்க முடியுமாம். அந்த விதியை வைத்தவரும் நீங்கள்தானே?

அதனால் விருந்தினராகச் சேர்த்திருக்கிறேன். இன்று திறந்து பார்த்தால் உங்களுக்கு ஒரே ஒரு பொத்தான்தான் தெரியும், அழைப்பு மணி. அதுவும் நம் வாசலில் வந்து நின்றால்தான் அடிக்கும்.

வந்து அடியுங்கள். திறக்கிறேன்.

கமருன்னிஸா