இடது காது

நங்கை,

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று தடவை கை கழுவிவிட்டேன், வாடை போகவில்லை. பிறந்த குட்டியைத் துடைத்த வாடைதானே, ஆட்டுக்காரிக்கு அதென்ன புதுசா என்று கேட்பீர்கள். புதுசில்லைதான். ஆனால் இது நம் குட்டிகளின் வாடை இல்லை. நனைந்த கம்பளியைக் காயாமல் மடித்து வைத்தால் ஒன்று அடிக்குமே, அது. பதினெட்டு வருடம் கழித்து அந்த வாடை நம் பட்டிக்குள் திரும்பி வந்திருக்கிறது.

விடிந்ததும் பெரிய செவலைப் பெட்டை இரட்டைக் குட்டி போட்டது. முதல் குட்டி நம் மேச்சேரிச் செம்மறிக்கு உண்டான மாதிரியே ரோமமில்லாமல் வழவழவென்று, செம்மண் நிறத்தில் இருந்தது. இரண்டாவது கிடாய்க்குட்டி. துணியால் துடைத்தேன், விரல் உள்ளே போனது. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை சுருட்டை சுருட்டையாக ரோமம். உங்கள் தம்பி வேப்பங்குச்சியை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். "இதென்ன புள்ள, சட்டையப் போட்டுக்கிட்டே பொறந்திருக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. இந்தக் குட்டியின் அப்பன் கிடாயை வாங்கிப் போகத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள்.

உங்களிடம் நான் மறைத்த காரியம் ஒன்று உண்டு. நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போய் இரண்டு ஐப்பசி கழிந்த பிறகு, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிசி குழைந்தால் குழையட்டும்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பட்டி முழுக்க நாத்தனாரான உங்கள் கையில் இருந்தது. புகுந்த வீட்டில் ஆறே மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் நீங்கள். அதைப் பற்றி நீங்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆட்டைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவீர்கள். எந்தப் பெட்டை போன தடவை இரட்டை போட்டது, எதற்குப் பால் பற்றாது, எது குட்டியைச் சேர்க்காது, எல்லாம் உங்கள் வாயில் இருக்கும். பக்கத்து ஊர்களில் நல்ல கிடாய் வேண்டுமென்றால் நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்கு உள்ளூர ஒரு பொறாமை. அதை இன்றைக்கு மறைத்து என்ன ஆகப் போகிறது? இந்தப் பட்டியில் நானும் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் அண்ணன் மலையிலிருந்து அந்தக் கிடாயைக் கொண்டுவந்தான். சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், காய்கறி லோடு ஏற்ற மலைக்குப் போனபோது யாரோ கொடுத்தார்கள் என்று கேரட் மூட்டைகளுக்கு நடுவே கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். பாதி மெரினோ, கம்பளிக்கென்றே வளர்க்கிற சீமைச் சாதி என்றான். அழுக்கு வெள்ளையில், கண்ணை மறைக்கும் ரோமத்தோடு, நம் கிடாய்களைவிட ஒரு சுற்றுப் பெரிதாக நின்றது. வெட்டினால் எடை, வெட்டாவிட்டால் வருஷா வருஷம் ரோமம் என்று நான் கணக்குப் போட்டேன். நீங்கள் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தீர்கள். வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். ஆனால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கவும், எட்டுப் பெட்டைகளைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தீர்கள்.

குட்டிகள் பிறந்தபோது நான் தரையில் நடக்கவில்லை. ஒவ்வொன்றும் பஞ்சு மூட்டை. அப்பன் கிடாயின் ரோமத்தைத் துணி வெட்டும் கத்தரியால் வெட்டிச் சாக்கில் அடைத்து, குமாரபாளையத்துக்கு பஸ் ஏறினேன். நெசவு ஊர்தானே, கம்பளி என்றால் அள்ளிக்கொள்வார்கள் என்று நினைப்பு. பஸ்ஸில் ஒரு ஆள் பக்கத்தில் உட்காரவில்லை. தறிக்கூடத்தில் சாக்கைப் பிரித்ததும் அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே ஓடுவதெல்லாம் பருத்தி நூல் அம்மா, இதைக் கொண்டுபோக வேறு ஊர் பாருங்கள் என்றார். நல்லவர், டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது அந்தச் சாக்கைக் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் விற்றுவிட்டேன் என்றேன். நீங்கள் சரி என்றீர்கள்.

பிறகு சித்திரை வந்தது. நம் ஆடுகள் வெள்வேல மர நிழலில் அசை போட்டுக்கொண்டிருக்க, என் குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக் கிடந்தன. வேலி முள் அத்தனையும் ரோமத்தில் ஏறிக்கொண்டது. இரண்டு மழை பெய்ததும் உள்ளே தோல் புண்ணாகிப் புழு வைத்தது. நீங்கள்தான் ஒவ்வொன்றாகக் காலிடுக்கில் பிடித்து, ரோமத்தை வெட்டி, மருந்து வைத்தீர்கள். என்னைத் திட்டவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஒன்றே ஒன்று சொன்னீர்கள்.

"குளிருக்குத் தெச்ச சட்டைய வெயில்ல மாட்டி உட்டுட்டோம் சாமி. பாவம், அதுகளால கழட்டவும் முடியாது."

அந்தக் கிடாயும் அதன் குட்டிகளும் மொத்தமாக சந்தைக்குப் போக வேண்டும், ஒரு பெட்டைகூட நிற்கக் கூடாது என்று முடிவு செய்தீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அதில் ஒரு பெட்டைக்குட்டியை என்னால் விட முடியவில்லை. அதற்கு ரோமம் பிடரியில் மட்டும்தான். வளர்த்தியோ மூன்று மாதத்தில் ஐந்து மாதக் குட்டி அளவு. சந்தைக்குப் போகிற வழியில் அதை அம்மா வீட்டில் இறக்கிவிட்டேன். அடுத்த தைக்குள் ரோமம் உதிர்ந்து, பார்த்தால் நம் ஆடு மாதிரியே ஆகிவிட்டது. அம்மா சீராகக் கொடுத்தாள் என்று சொல்லி ஓட்டி வந்தேன்.

நீங்கள் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தீர்கள். பிடரிக்குள் விரலை விட்டு மெதுவாக அளைந்தீர்கள். "நல்ல எடுப்பா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தரியை எடுத்துவந்து காதில் அடையாளம் வைத்தீர்கள். நம் ஆடுகளுக்கெல்லாம் வலது காதில் ஒரு வெட்டு. இதற்கு இடது காதில் வைத்தீர்கள். அது போட்ட குட்டிகளுக்கும் இடது காது, அதன் பேத்திகளுக்கும் இடது காது. ஏனுங்க நங்கை இதுக்கு மட்டும் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது உன்ற வகை சாமி. பாத்துக்கோ."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த வகை நன்றாகப் பெருகியது. ஒன்றுவிட்டு ஒரு ஈற்று இரட்டைக் குட்டி, இரண்டுக்கும் போதுமான பால். என் பேரில் ஒரு வகையையே ஒதுக்கி வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இடது காதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். நீங்கள் போன பிறகும் அதே மாதிரி கத்தரியைப் பிடித்து அந்த வகைக் குட்டிகளுக்கு இடது காதில் வெட்டினேன். பட்டிக்குப் புதுக் கிடாய் நிறுத்த வேண்டி வந்தபோது யோசிக்கவே இல்லை. இருந்ததிலேயே பெரிய, இரட்டையில் பிறந்த, இடது காதுக் கிடாயை நிறுத்தினேன்.

இன்று காலை அந்த ரோமக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தாயின் காதைத் தடவினேன். இடது. எழுந்து போய் கிடாயின் காதைத் தடவினேன். அதுவும் இடது. இரண்டு பக்கமும் அந்த மலைக்கிடாயின் ரத்தம், அப்போதுதான் உறைத்தது. உங்கள் காலத்தில் இடது காதுக் கிடாய் ஒன்றுகூடப் பட்டியில் நின்றதில்லை. பால் மறந்ததும் எல்லாமே சந்தைக்குப் போய்விடும். சீக்கிரம் எடை வைக்கிற வகை, அதனால் முதலில் விற்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வலது காதுக் கிடாயோடு மட்டும் சேர்த்தீர்கள். வளர்த்தியையும் இரட்டைக் குட்டியையும் எடுத்துக்கொண்டு, சட்டையை மட்டும் வெளியே வராமல் பிடித்து வைத்திருந்தீர்கள். பதினாறு வருடம்.

அப்படியானால் உங்களுக்குத் தெரியும். பிடரிக்குள் விரலை விட்ட அன்றைக்கே தெரியும்.

ஏன் நங்கை சொல்லவில்லை? நான் வெட்கப்படுவேன் என்றா? மறுபடி மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பேன் என்றா? எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைத்தவள் நானாக இருந்தும். காலையிலிருந்து பட்டிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் கடுக்கிறது. கேட்க ஆளில்லை.

நாளை வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. புருஷன் பெண்டாட்டி, சின்னஞ்சிறிசுகள். அந்தப் பையன் பத்து வருடம் வடக்கே ரிக் வண்டியில் போர்வெல் போட்டவன். போதும் என்று வந்து, சேர்த்ததை எல்லாம் போட்டு நாற்பது பெட்டை வாங்கியிருக்கிறார்கள். அந்த நாற்பதுக்கும் இந்த ஒரு கிடாய்தான். போன வாரம் வந்து பார்த்தபோது அந்தப் பெண், உங்க நங்கையோட பட்டிக் கிடாயின்னு சொன்னாங்க, அதான் கேட்டு வந்தோமுங்க என்றாள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது எல்லாப் பெட்டைகள் மேலும் ஏறினால், அதன் மகள்களை அதோடே மறுபடி சேர்த்தால், இரண்டு வருடத்தில் அவர்கள் பட்டியில் எத்தனை குட்டி சட்டையோடு பிறக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியை அவர்கள் கண்ணில் படாமல் அக்கட்டால ஓட்டிவிட்டால் முடிந்தது, ஊரெல்லாம் சொல்லி அக்கா பேரைக் கெடுக்காதே என்றார்.

"நாம என்ன பொய்யா சொல்றோம்? அவங்களும் கேக்கல, நாமளும் சொல்லல."

அதைக் கேட்டதும் எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது. நீங்களும் நானும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, இத்தனை வருடமும் அப்படித்தானே இருந்தோம். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சோறு தீய்கிறது, போகிறேன்.

*

ஞாயிறு மதியம். வந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மோர் கொடுத்தேன். கிடாயை அவிழ்த்து வந்து காட்டும்படி உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. நேராகப் பட்டிக்குள் போய் அந்த ரோமக்குட்டியைத் தூக்கிவந்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தேன். அவள் ஆசையாகத் தடவினாள். பொம்மை மாதிரி இருக்குதுங்க என்றாள். உங்கள் தம்பி எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

மலைக் கிடாயில் ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். குமாரபாளையத்துச் சாக்கையும் விடவில்லை. பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள்தான் குட்டியின் காதைப் பிடித்துப் பார்த்தாள். அதில் இன்னும் வெட்டு இல்லை. தாயின் காதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இது யார் வைத்த அடையாளம் என்று கேட்டாள்.

"எங்க நங்கை வெச்சதுங்க. எடது காதுல வெட்டு இருந்தா கிடாய்க்கு நிறுத்தக் கூடாது. அது என்னோட வகை."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டுக்காக ஒரு கிழவி அழுகிறாளே என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கும். நினைத்துக்கொள்ளட்டும்.

பையன் அந்தப் பெரிய கிடாயைக் கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மனசே இல்லை அவனுக்கு. வலது காதுக் கிடாய் ஒன்று இருக்கிறது, இரண்டு பல் போட்ட இளசுதான், பார்வைக்கு அத்தனை எடுப்பில்லை, ஆனால் தாயும் பாட்டியும் இரட்டை போட்டவை என்றேன். அவர்கள் தள்ளி நின்று கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் அதைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அந்தப் பெண் தாய் ஆட்டின் இடது காதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். சங்ககிரி தாண்டுவதற்குள் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறாளோ. உங்கள் தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை. சாயந்திரம் பேசுவார், காப்பி வேண்டுமே.

பெரிய கிடாய் அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போகிறது. ரோமக்குட்டி இப்போது வேலிக்காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது, நாலு நாளில் முள் ஏறிவிடும். அதற்கு ரோமம் வெட்டி விடுவது இனி என் வேலை. உங்கள் கத்தரியை எடுத்துச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தேன். குட்டியைக் காலிடுக்கில் பிடித்தேன், நீங்கள் பிடிக்கிற மாதிரியே. இடது காதில் வெட்டினேன். ஒரு தடவை கத்திவிட்டுத் தலையை உதறிக்கொண்டு தாயிடம் ஓடிவிட்டது.

பாத்துக்கறேனுங்க, நங்கை.