மணவறைக்குப் பின்னால் இருந்த பனி

என் சுகந்தி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். ஆகவே நலம் விசாரிக்காமல் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உன் முதலாளி சிறி அண்ணையின் மகள் துளசிக்கு வுப்பர்டாலில் கலியாணம் நடந்து முடிந்துவிட்டது. படம் எடுத்தது நான், உன் கமராவால். அங்கே நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ என்னை ஏசுவாய். ஏசு, பரவாயில்லை. உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஜெர்மனியிலிருந்து நோர்வேயின் வடகோடிக்கு நாம் போனது நினைவிருக்கிறதா? சனம் ஊர்லாப், விடுமுறை என்றால் வெயில் தேடி ஓடுகிறது, இதுகள் இரண்டும் குளிரிலிருந்து குளிருக்குப் போகுதுகள் என்று மாமி சிரித்தார். நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கலியாணம் என்று சிறி அண்ணையின் கடைக்காக எத்தனை வருடம் மற்றவர்களின் சிரிப்பைப் படம் எடுத்தாய். ஒரு தடவையாவது சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஒன்றைப் படம் எடுக்க வேண்டும் என்றாய்.

மலையிலிருந்து இறங்கி வரும் அந்தப் பனியாற்றைக் கண்டதும் நீ பையை இறக்கிக் கமராவை எடுத்தாய். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். வெடிப்புகளுக்குள் நீலம் தெரிந்தது. சூரியன் மலைக்கு மேலே வராத காலம். பகல் என்ற பெயரில் கொஞ்ச நேரம் ஒரு வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். குளிரில் பற்றறி செத்துவிடும் என்று அதை உன் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாய். காற்றில் ஆடாமல் கமரா ஸ்டாண்டைப் பிடிப்பது என் வேலை.

“அக்கா, கை விறைக்குது. எனக்கு ஏலாது.”

“அழுறதெண்டால் அழு. ஸ்டாண்டை மட்டும் விடாதை.”

அழுதுகொண்டுதான் பிடித்திருந்தேன். அந்த நீலம் உன் படத்தில் அப்படியே வந்தது. திரும்பி வந்த பிறகு வேலை முடிந்ததும் கடையிலேயே இருந்து, கடைக் கணினியில் அந்தப் படங்களைத் திருத்தினாய். எல்லாவற்றையும் அங்கேயே வைத்தாய். “அண்ணை நல்ல மனுசன்” என்றாய். அக்கா, உனக்கு ஆட்களைப் படம் எடுக்கத் தெரிந்த அளவுக்கு ஆட்களைத் தெரியவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நான் படங்களைக் கேட்கப் போனேன். கணினி பழுதாகி எல்லாம் அழிந்துவிட்டது என்றார். கவலையான முகத்தோடு தேநீரும் தந்தார். நம்பினேன். பிறகு ஒரு சாமத்தியச் சடங்கில், பூப்பெய்திய பிள்ளை இருந்த கதிரைக்குப் பின்னால், சுவர் முழுக்க உன் பனியாறு தொங்குகிறது! துணியில் பெரிதாக அச்சடித்து மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். மூலையில் ‘படம்: சிறி’. தானே வடக்கே போய்ப் பனிக்குள் படுத்துக் கிடந்து எடுத்ததாகப் பந்தியில் கதை வேறு. அந்தப் பிள்ளையின் தலையில் பூத் தூவிவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தில் நின்று கத்தினேன்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். அவர் மறுக்கவும் இல்லை.

“தங்கச்சி, கடையில இருந்தது கடைக்குத்தானே சொந்தம்.”

“அக்கான்ர பேரையாவது போடுங்கோ அண்ணை. வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“நல்ல காரியம் நடக்கிற இடத்தில செத்தவவின்ர பேரைத் தொங்க விடுறதோ? சனம் என்ன சொல்லும்?”

செத்தவளின் படம் மணவறைக்கு ஆகும், பெயர் ஆகாது. இந்த நியாயத்தை எந்தச் சாத்திரத்தில் படித்தாரோ?

அதற்குப் பிறகு அவரே என்னைத் தேடி வந்தார். மகளின் கலியாணத்தில் தான் தகப்பனாக நிற்க வேண்டும், கமரா தூக்க முடியாது, உன்னிடம் தொழில் பழகிய கை என்னுடையதுதான் என்றார். உடனே ஓம் என்றேன். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மணவறைக்குப் பின்னால் உன் பனியாறுதான். தொழில் ரோசத்தில் மைக்கைப் பிடித்து, “ஒருத்தரும் கைபேசியில படம் எடுக்காதேங்கோ, ஆல்பம் பழுதாப் போகும்” என்று அவரே சொன்னார். சனமும் கேட்டது. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும்படி நான் உன் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தேன். அவர் தனியாக நின்றபோதெல்லாம் பின்னால் இருந்த பனிக்கு ஃபோகஸ் வைத்தேன். மகளோடு நின்றபோது மகளுக்கு வைத்தேன். துளசி பாவம், அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தேவதை மாதிரி இருக்கிறாள். தாரை வார்க்கும்போது அவர் கண் கலங்கியது. நான் கமராவுக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தேன். துளசியின் கையில் விழுந்த தண்ணீர் துளித்துளியாகத் தெரிகிறது. தகப்பனின் முகம் புகை.

வேறு ஆள் எடுத்த வீடியோவில் அவர் தெளிவாக இருக்கிறார்தான். வீடியோவைச் சுவரில் மாட்ட முடியாதே.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தொழில்காரர், ஒரே பார்வையில் விளங்கியிருந்தது. சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

“சுகந்தியின்ர பேரைப் போடுறன். எல்லாத் துணியிலயும் போடுறன். தாரை வாக்கிற படம், தெளிவானது ஒண்டு மட்டும் தா தங்கச்சி.”

“இல்லை அண்ணை.”

“ஒளிச்சு வைச்சிருப்பாய்.”

“இல்லை. நான் எடுக்கவே இல்லை.”

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். நான் தேநீர் கொடுத்தேன், அவர் அன்றைக்கு எனக்குத் தந்ததைப் போல. எனக்கு இரக்கம் வரும் என்று பயந்தேன் அக்கா. வரவில்லை. நல்ல நித்திரைதான் வந்தது.

சொன்னபடி உன் பெயரைப் போட்டுவிட்டார். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ என்றால் மன்னித்திருப்பாய், இல்லையா? தெளிவான படம் ஒன்றாவது எடுத்து ஒளித்து வைத்திருப்பாய். அதனால்தானே உன்னை இப்படி ஏமாற்றினார்கள்?

இந்தக் குளிர்காலத்துக்கு நான் தனியே வடக்கே போகிறேன். ஸ்டாண்டைப் பிடிக்க ஆள் இல்லை. கல்லைக் கட்டி நிறுத்துவேன். அந்தப் பனியாறு எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவையும் எடுத்து வருவேன். சிறி அண்ணையின் கடைக்கு நேர் எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர் தன் முகப்புக் கண்ணாடியில் அதைப் பெரிதாக மாட்டச் சம்மதித்துவிட்டார். மூலையில் என் பெயர் வராது. ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது சிறி அண்ணை வாசிக்க வேண்டியதை, உனக்கு வாக்குத் தந்து, இங்கேயே எழுதி வைக்கிறேன்.

படம்:
சுகந்தியின் தங்கச்சி