சர்ச் வாசலில் எடுத்த படம்

பாலக்கோடு, 12-3-1968

என்னங்க, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கிலாந்திலிருந்து உங்கள் கடிதம் வந்தது. மனசு லேசானது. சர்ச் வாசலில் ஒரு வெள்ளைக்காரியோடு நீங்கள் நின்ற படம் மட்டும் முதலில் வந்ததா, மாமி சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வஹிதா, "புருசன் பொண்டாட்டிதான இப்படி ஜோடியா நிப்பாங்க?" என்றாள். நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அந்த அம்மா பாதிரியார் மனைவியாமே. எண்ணூறு வருஷத்து வாசல் வளைவில் உடைந்த கல்லை மாற்றியது நீங்கள்தானாமே. இன்றுதான் வளைவையே பார்த்தேன். ரம்பப் பல் போலச் செதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வைத்த கல் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

மாமி படத்தைத் தெருவெல்லாம் காட்டுகிறார்.

வாசல் எவ்வளவு பழசானாலும் சரி, அடுத்த படத்தில் அங்கே நீங்கள் மட்டும் நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி