ஆவுடையப்பனுக்கு இருபது நிமிடம்

நாள் 212, 09:10
வியாழனின் நிலா யூரோப்பா, பனிக் கண்காணிப்பு நிலையம். தனி ஆள்: நாச்சியார். வெளியே மைனஸ் 163. கருவிகள் எல்லாம் சரி. பூமியில் நடக்கும் பனிக்கோள் மாநாட்டில் இன்று இங்கிருந்து ஒலிபரப்பாகும் ஓர் அமர்வுக்கு நான் அமைப்பாளர். பேச்சாளரை அறிமுகப்படுத்த வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், நேரம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

11:40
பேச்சாளர் பேராசிரியர் ஆவுடையப்பன். நேற்றுதான் இங்கே வந்து இறங்கினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே மாநாட்டில் அவர்தான் அமைப்பாளர். என் பேச்சை வெட்டிவிட்டு, கழிப்பறைப் பக்கத்துச் சுவரில் ஆய்வைப் போஸ்டராக ஒட்டிக்கொள்ளச் சொன்னார். வியாழனின் ஈர்ப்பில் இந்தப் பனி நேரம் தவறாமல் பிளக்கும் என்று அதில் எழுதியிருந்தேன். ஒருவரும் நின்று படிக்கவில்லை. பனி கெட்டி என்று எழுதிய அவருக்கு விருது. எனக்கு இந்தத் தகரப் பெட்டி. வயிறு இன்னும் எரிகிறது.

14:05
கெட்டி என்று காட்ட, நிலையத்தைவிட்டுத் தள்ளி, பனிமேல் தனியாக நின்றே பேசப் போகிறாராம். 17:00 மணிக்கு அங்கே பிளவு திறக்கும் என்று ஒழுங்காகவே எச்சரித்தேன். பேச்சு 16:30 முதல் 16:50 வரை. வண்டியேறி விலக ஐந்து நிமிடம் போதும்.
அவர் பதில்: "இன்னும் அதே பாட்டுதானா நாச்சியார்? சரிம்மா. பேச ஆரம்பிச்சா எனக்கு நேரம் தெரியாது. நீ மணி அடி, கிளம்பிடுறேன்."

16:25
அறிமுகம் செய்தேன். விருதுகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எங்கள் குரல் பூமிக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும்.

16:50
நேரம் முடிந்தது. விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அவர் இப்போதுதான் இரண்டாவது விளக்கப்படத்துக்கு வந்திருக்கிறார்.

16:54
அடிக்கவில்லை. இப்போது அடித்தாலும் தப்பிவிடுவார். "இதுமேல ஒரு ஊரையே கட்டலாம்" என்கிறார். கட்டட்டும்.

16:58
"நாச்சியார், மணி அடிச்சியா? எனக்குக் கேக்கலையே."
"இன்னும் நேரம் இருக்கு சார். பேசுங்க."

17:01
பிளவு. ஒன்பது கிலோமீட்டர் நீளம். என் கணக்கைவிட ஒரு நிமிடம் தாமதம். "நாச்சி" என்று பாதிப் பெயர் வந்தது. பிறகு இரைச்சல்.

17:05
சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது. உட்கார முடியவில்லை.
பூமியில் இப்போதுதான் நான் அவரை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அரங்கம் கை தட்டும். நேரம் இருக்கிறது என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழ இன்னும் முப்பத்துமூன்று நிமிடம்.