கைகளுக்கு மேல் நெருப்பு

மார்ச் 4, செவ்வாய்

லிப்ட் காட்சி இன்று என் மேசைக்கு வந்தது. முழுக் காட்சி இல்லை, துண்டுகள்தான். யாருக்கு எந்தத் துண்டு என்று பிரித்துக் கொடுப்பவர் கழுகு. எங்கள் கிராபிக்ஸ் பிரிவின் தலைவர். திரையில் ஒரு புள்ளி பிசகினாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே பிடித்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும். கோபப்படமாட்டார்.

லிப்ட் மெக்கானிக் ஒருவன் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். மூச்சு முட்டுகிறது. கையை எதற்கோ அசைக்கிறான், விரல்களிலிருந்து நெருப்பு கிளம்புகிறது, கதவு உருகித் திறக்கிறது. சாதாரண ஆள் மாயாவீரன் ஆகிற முதல் கணம். படமே இந்தக் காட்சியில்தான் நிற்கிறது என்கிறார் இயக்குநர்.

அந்தக் கைகள் நாயகனுடையவை அல்ல. என் தம்பியுடையவை.

நாயகனுக்கு விரல் வளையவில்லை. "வாழைப்பழச் சீப்பை ஆட்டற மாதிரி இருக்கு" என்றார் கழுகு. அந்தச் சமயம் பார்த்து, நான் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கத் தம்பி ஆபீசுக்கு வந்தான். பிறவியிலேயே காது கேளாதவன். வாசலில் நின்று நாங்கள் கையால் பேசிக்கொண்டதை இயக்குநர் பார்த்துவிட்டார். "இந்தக் கை எனக்கு வேணும். அவருக்குச் சம்மதமான்னு கேளுங்க." "சம்மதம்தான் சார்" என்றேன். கேட்க வேறு வேண்டுமா? அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததே.

அவன் கைகளுக்கு நெருப்பு வைக்க வேண்டியது நான். வேடிக்கைதான்.

மார்ச் 6, வியாழன்

வேடிக்கை இல்லை.

படப்பிடிப்பில் தம்பியின் தலையைப் பச்சைத் துணியால் மூடிவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் நாயகனின் முகத்தை ஒட்டுவோம். ஆக எனக்கு வந்த துண்டில் முகமே கிடையாது. தோள், கை, விரல், அவ்வளவுதான். "உங்க இஷ்டப்படி பண்ணுங்க, மந்திரம் மாதிரி தெரிஞ்சா போதும்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வலது கை காதுக்குப் பக்கத்தில் போகிறது. இல்லாத எதையோ பிடித்துக் கீழே இழுக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன்.

பின்னலை இழுக்கிறான். அது நான். சின்ன வயதில் என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவான். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. நான் முடியை வெட்டி எத்தனையோ காலம் ஆயிற்று, பெயர் மட்டும் அப்படியே.

அக்கா. மந்திரம் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறான். கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். கழுகு தாண்டிப் போனபோது கண் எரிகிறது என்றேன்.

மார்ச் 10, திங்கள்

இரண்டாவது துண்டு. உள்ளங்கை மார்புக்கு நேராக வந்து வெளியே தள்ளுகிறது. ஒரே ஒரு தள்ளல்.

வேண்டாம்.

அக்கா. வேண்டாம்.

திரும்பத் திரும்ப ஓட்டினேன். எங்கள் வீட்டுச் சைகை, வேறு அர்த்தமே கிடையாது. அக்கா வேண்டாம் என்று யாரிடம் சொல்கிறான்?

மார்ச் 11, செவ்வாய்

முகம் இல்லாத சைகை குரல் இல்லாத பேச்சு மாதிரி. கெஞ்சுகிறானா, வெறுக்கிறானா, எப்படித் தெரியும்? அந்தப் பச்சைத் துணியை உருவிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உன்னிப்பாகப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்த கையைக் கழுவினான், சாப்பிட்டான், போனைப் பார்த்துச் சிரித்தான். நான் திரும்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"யாரு?"

"பிரெண்டு."

"எந்த பிரெண்டு?"

தோளைக் குலுக்கினான். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் இந்தக் குலுக்கல்தான்.

மார்ச் 12, புதன்

மூன்றாவது துண்டு. ஒரு கையின் இரண்டு விரல்கள் மறு கையின் மேல் நடந்து, விளிம்பில் நின்று, காற்றில் இறங்கிப் போகின்றன.

போறேன்.

மார்ச் 13, வியாழன்

யாருக்கோ சொல்கிறான். அது மட்டும் நிச்சயம். ஆயிரம் பேர் பார்க்கிற படத்தில் ஒரே ஒருத்திக்குப் புரிகிற மாதிரி. "அக்கா வேண்டாம், நான் போறேன்."

சந்தேகம் பக்கத்து சீட்டுப் பெண்மேல் போகிறது. வேலை செய்யும்போது எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பாள். ஆபீசே பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடும். தம்பி நடித்த அன்று செட்டில் இருந்தாள். "சாப்பிட்டாச்சா?" என்று சைகையில் கேட்கக்கூட அவனிடம் கற்றுக்கொண்டாளாம். அவளிடமும் லிப்ட் காட்சியின் ஒரு துண்டு இருக்கிறது. அதையே காலையிலிருந்து ஓட்டி ஓட்டிப் பார்க்கிறாள். நான் எட்டிப் பார்த்தால் தலையால் மறைக்கிறாள் — மறைக்கிறாளா, இல்லை என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

"என்ன அவ்ளோ நேரம் பார்க்கறே?" என்றேன்.

"உங்க தம்பி கை இருக்கே, அது வேற லெவல்க்கா. பின்னணிலேர்ந்து விரலைப் பிரிச்சு எடுக்கவே உயிர் போகுது."

அக்காவாம்.

மார்ச் 14, வெள்ளி

சாயங்காலம் தம்பியின் பின்னாலேயே போனேன். ஆமாம், போனேன். எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடையிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேம்பாலத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தான். பூட்டுக் கடை, அதற்கு மேல் மாடி. எதிர்ப் பக்கம் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே முழுக்கக் கைகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. நடுவில் என் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எங்கள் வீட்டில் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கை ஓடுகிற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தது வீட்டுச் சைகை மட்டும்தான். இங்கே ஓடுவது வேறு மொழி. அவன் எப்போது அதைக் கற்றான்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாட்டுக்காரி அங்கே இல்லை. அப்படியென்றால் இன்னொருத்தியா?

"என்னம்மா வேணும்?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

செய்துவிட்டேன்.

பின்னலை இழுக்கிற துண்டில் விரல் நுனியில் சின்னச் சுடர், கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் திட்டம். நான் மணிக்கட்டிலிருந்தே கொழுந்துவிட்டு எரிய வைத்தேன். பொறி, புகை, கனல், எல்லாவற்றையும் கொட்டினேன். இனி அது பின்னல் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா வேண்டாம் என்று ஊர் பார்க்கச் சொல்லுவானாம், அதையும் நானே அலங்காரம் பண்ணி அனுப்பணுமாம். முடியாது போடா.

கழுகு வந்தார். பயந்துகொண்டேதான் ஓட்டிக் காட்டினேன்.

"இப்பத்தாம்மா இது மந்திரம்" என்றார்.

இயக்குநரும் ஓகே.

மார்ச் 19, புதன்

தம்பி புதுப் பெட்டி வாங்கியிருக்கிறான். பெரிய பெட்டி. கட்டிலுக்கு அடியில் போர்வைக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான். பெருக்கும்போது துடைப்பம் இடித்தது.

நான் கேட்கவில்லை. கேட்டால் குலுக்கல்.

அம்மா போனதிலிருந்து டாக்டரிடம் இவனுக்காகப் பேசியது யார்? வேலைக்குப் பேசியது யார்? பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டை போட்டது யார்?

மார்ச் 22, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

லிப்ட் காட்சியைக் கோத்து முடித்துவிட்டார்கள். இயக்குநர் தம்பியையும் வரச்சொல்லி ஆபீஸ் சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினார். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

துண்டுகளை வரிசையாக இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். நாயகன் மூச்சுக்குத் திணறுகிறான். கை காதுக்குப் போகிறது, குப்பென்று என் நெருப்பு. அடுத்தது பாட்டுக்காரியின் துண்டு. ஐந்து விரல்களும் மூக்குக்கு முன்னால் குவிந்து, பூ மாதிரி மெல்ல விரிகின்றன.

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். தம்பி அதைப் பார்த்துச் செய்த சைகை அது.

கோபம்.

பிறகு என் துண்டு. உள்ளங்கை தள்ளுகிறது. வேண்டாம். பிறகு விரல்கள் நடக்கின்றன.

அக்கா. கோபம் வேண்டாம். போறேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதருகே கையைக் கொண்டுபோய்ப் பின்னலை இழுத்தான். பிறகு அதே கையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினான்: எங்கே?

எழுந்து போய்விட்டான். "என்னாச்சு, பிடிக்கலையா அவருக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

முதல் தடவையாக அவனுக்குப் பதிலாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் சமையலறை மேசையில் உட்காரவைத்தான். கையால்தான் பேசினான். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

"வேணும்னுதானே மறைச்சே?"

ஆமாம் என்றேன். நீ வேறு யாருக்கோ சொல்கிறாய் என்று நினைத்தேன், பாட்டுக்காரிக்கு, மாடியில் இருக்கிற யாருக்கோ... மாடி என்றதும் நிறுத்தினான்.

"பின்னாடி வந்தியா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவனோடு பேசும்போது தலையைக் குனிந்தால் கதவைச் சாத்தின மாதிரி. மேசையைத் தட்டி நிமிரச் சொன்னான்.

"உனக்குத்தான் சொன்னேன். நீதான் பிரேம் பிரேமா பார்ப்பேன்னு தெரியும்."

"நேர்ல சொல்றதுக்கு என்னடா? ஒரே வீட்லதானே இருக்கோம்?"

"சொல்ல ஆரம்பிச்சேன். எத்தனையோ தடவை. நான் பாதி சொல்றதுக்குள்ள நீ மீதியைச் சொல்லிடறே. நான் சொல்ல வந்தது வேற, நீ சொல்றது வேற. அப்புறம் அதுதான் நான் சொன்னதுன்னு ஆயிடுது."

"அப்படியெல்லாம் நான் எப்போ —" என் கை மேலே எழுந்துவிட்டது.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அழுத்தமாக இல்லை. மெதுவாக மேசைமேல் இறக்கி வைத்தான். ஒற்றைக் கையாலேயே மீதியைச் சொன்னான்.

மாடியில் இருப்பவர்கள் காது கேளாதோர் சங்கத்து நண்பர்கள். அவர்களில் இருவர் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், மூன்றாவது ஆளாக இவன் போகிறான். காதல் கீதல் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தான்.

"அக்கா வேண்டாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? உன்னை விட்டா எனக்கு யாரு?"

"அப்போ போகாதே."

"போறேன்" என்றான். அதே விரல்கள். இந்தத் தடவை முகமும் இருந்தது. கெஞ்சலும் இல்லை, வெறுப்பும் இல்லை. பயந்திருந்தான்.

மார்ச் 24, திங்கள்

கழுகிடம் போய் நெருப்பைக் குறைத்துத் தருகிறேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். எல்லாவற்றையும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா? டிரெய்லர் வரைக்கும் போயாச்சு. போஸ்டர்லயே அந்த நெருப்புதான். இனிமே அதுல கை வைக்க முடியாது." கொஞ்சம் கழித்து, "நானும் ஒண்ணும் கேட்காம பிரமாதம்னுட்டேன்" என்றார்.

பாட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாதே. காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெட்டியின் ஒரு பக்கம் அவன், மறு பக்கம் நான். படி இறங்கும்வரை பேச முடியவில்லை. இரண்டு கையிலும் கனம்.

ஏப்ரல் 9, புதன்

வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

படம் வந்துவிட்டது. லிப்ட் காட்சியில் தியேட்டரே எழுந்து நின்றது. எனக்கு முன்வரிசையில் ஒருத்தன் "என்னா நெருப்புடா!" என்று கத்தினான். ஊரே அதைத்தான் பேசுகிறது. தம்பி சங்கத்து ஆட்களோடு தனியாகப் பார்த்தானாம். மெசேஜ் அனுப்பியிருந்தான்: "சைகைக்கு அர்த்தம் சொன்னேன். கோபம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. யாரோட கோபம்னு கேக்கறாங்க, நெருப்புல பேர் தெரியலையே."

சிரிக்கிறானா, குத்துகிறானா? இந்தத் தடவை நானாக முடிவு கட்டவில்லை. கேட்டேன். "ரெண்டும்" என்று பதில் வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டிருந்தான். சின்ன வீடு, வெளிச்சம் நன்றாக வருகிறது. நண்பர்கள், அவர்களில் ஒருவருடைய அப்பா, எல்லாரும் காது கேளாதவர்கள். பேச்சு அறை முழுக்கப் பறந்தது. நான் சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரித்தபோது ஒரு கணம் கழித்துச் சிரித்தேன். யாரும் பேச்சை நிறுத்தி எனக்கு விளக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ?

அந்த அப்பா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். புரியவில்லை. அவர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகக் கேட்டார். என் பெயரைத்தான் கேட்கிறார்.

தம்பியின் கை எழும்பியது. பாதியில் நின்றது. இறக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

கையைக் காதருகே கொண்டுபோக எனக்கு நேரம் பிடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.