பினாங்கில் ஆடும் பேரனை நான் கூப்பிடவில்லை

எங்கள் மேரியின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி ஞானம்மா அன்போடு எழுதிக்கொள்வது.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. அதனால் மகள் பெயரைப் பிடித்துக்கொண்டே கூப்பிடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் கேட்பது? நம் சபைப் பத்திரிகையில் இதை அச்சுப் போடுவதாகப் போதகர் ஐயர் சொன்னார். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும்.

முதலில் மேரியின் பிள்ளைகள் சங்கதி. ரெபேக்கா உபாத்தியாயினிப் பரீட்சையில் தேறி, மடுல்சீமையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். மழை பெய்தால் வண்டி ஏறாத ஊர். போன முதல் வாரமே, கூடையோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன சிறுமிகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து வாங்கில் உட்கார வைத்துவிட்டாளாம். தாவீது பதுளைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கினான். கடைக்குட்டி எஸ்தர், வேதத்திலுள்ள பெரிய சங்கீதம் ஒன்றைச் சபை முன்னால் ஒரு சொல் தப்பாமல் சொன்னாள். நடுவில் தும்மல் வந்தது. தும்மிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். சபையே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

இனி நம் சாமு. மேரியின் மூத்தவன், உங்கள் மடியில் வளர்ந்தவன். பினாங்கில் துறைமுகக் கம்பெனி ஒன்றின் அணியில் ‘லெப்ட் அவுட்’ ஆடுகிறான். இடது பக்கக் கோட்டை ஒட்டியே ஓடி, பந்தை நடுவுக்குத் தள்ளிக் கொடுக்கிற இடம் அது. பெயருக்குக் கிடங்கில் ஒரு வேலை, சம்பளம் என்னவோ பந்தாடத்தான். போன புதிதில் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லியிருந்தேன். வெறுங்காலில் ஆடிப் பழகியவனுக்குப் பூட்ஸ் ஒத்துவராமல் கால் கொப்புளித்து, ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவன் சளைக்கவில்லை. பூட்ஸைப் போட்டுக்கொண்டே கிடங்கில் மூட்டை எண்ணினான், பூட்ஸோடே கடைக்கும் கோயிலுக்கும் போனான். அடுத்த பருவத்தில் அவனை உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தது இது. இலங்கை அணி கப்பலேறி மலாய் நாட்டுக்கு ஆடப் போனபோது, பினாங்கில் இருந்த இவனையும் கூப்பிட்டுச் சட்டை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் ஆட்டம். தோற்றுத்தான் போனார்கள். ஆனால் நம்மவர்கள் போட்ட ஒரே கோல், இவன் ஓரத்திலிருந்து கொடுத்த பந்தில் வந்தது. எதிர்ப்பக்கத்து ஆள் உதைத்ததில் முழங்கால் வீங்கிப்போய் ஒரு வாரம் நொண்டினானாம். அதைக் கடைசி வரியில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

“சாமுவ வரச்சொல்லு. நம்ம ஆளுங்கள வேற எவன் கையிலயும் குடுத்துறாத.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற உங்கள் கங்காணி வேலை, அப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு. ஆண்பிள்ளை இல்லாத நமக்குப் பேரன். தாவீது சிறுவன். சாமு வராவிட்டால், நீங்கள் திருச்சிப் பக்கமிருந்து கூட்டிவந்து கட்டிக்காத்த ஆட்கள் வேறொருவன் கைக்குப் போவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் நமக்கென்று விட்டிருந்த இரண்டு காம்பரா அறைகளையும் நான் காலி செய்ய வேண்டும். மாதம் பிறந்ததும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில், புதுக் கங்காணி யார் என்று துரை சொல்லிவிடுவார். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் சாவுச் செய்தி போய்ச் சேர்ந்ததும் சாமு எழுதினான்: “அம்மாயி, ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த கப்பல்ல வந்துர்றேன்.” வந்துவிடுவான். அதுதான் எனக்குப் பயம்.

அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லவில்லை? நீங்கள் பார்க்காத ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

சாமு பினாங்கு போகும் முன்னே, அவனைச் சேர்த்துக்கொண்டு பதுளை டவுன்காரர்கள் துரைமாரோடு ஆடினார்களே, அந்த ஆட்டம். நீங்கள் வர மறுத்துவிட்டீர்கள். “தொரைமாருக்கு எதிரா ஆடுறத நான் நின்னு பாத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பெரட்டுல நிக்கிறது?” என்று கேட்டீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். மேரியைக் கூட்டிக்கொண்டு நான்தான் இறங்கிப் போனேன். பினாங்குக் கம்பெனி அணிக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், சாமு இன்று நன்றாக ஆடினால் கூட்டிப் போய்விடுவார் என்று டவுனெல்லாம் பேச்சு. நமுனுகுல மலையிலிருந்து மூட்டம் இறங்கி, மைதானம் ஈரமாக இருந்தது.

சாமு ஓட வேண்டிய இடது பக்கத்தில்தான் துரைமாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நம் தோட்டத்துத் துரை முதல் வரிசையில், சுண்ணாம்புக் கோடு வரைக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

பந்து கிடைத்ததும் சாமு ஓடுவான். கண்ணால் தொடர முடியாத ஓட்டம். ஆனால் அந்த நாற்காலிகள் கிட்டே வரும்போது கோட்டை விட்டு உள்ளே வளைந்துவிடுவான். உள்ளே எதிராளிகள் சுவர் போல நிற்பார்கள். பந்து போய்விடும். மறுபடியும் ஓடுவான், மறுபடியும் அதே இடத்தில் வளைவான். எதிர்த்து ஆடிய துரைமார் மேலே இடித்துக்கொண்டு போகிறவன், நாற்காலியில் சும்மா இருக்கிறவர்களைக் கண்டு விலகினான். கடைவீதி ஆட்கள் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். கொழும்புக்காரர் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன்.

பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்கப் பெண்கள் நின்ற பக்கம் வந்தார்கள். நான் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். அணிக்குத் தலைவன் காசிம், கடைவீதித் துணிக்கடை முதலாளியின் மகன், சாமுவைப் பிடித்துக்கொண்டான்.

“கோட்ட உட்டுட்டு ஏன்டா உள்ளுக்குப் போற? ரோட்டுல தொரைக்கு வழி உடுற மாதிரியே ஓடுற. இது ஒங்கட தோட்ட ரோடா?”

சாமு தன் காலைக் குனிந்து பார்த்தான். “நான் எங்க போறேன்? காலு தானாப் போகுது,” என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துரையின் குதிரை வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டை விட்டு, ஓரத்து வாய்க்காலான கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுவார்கள். சிறு வயதில் ஒரு நாள் சாமு குதிரையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடுரோட்டிலேயே நின்றுவிட்டான். நீங்கள் அவன் காதைப் பிடித்துக் கான் தண்ணீருக்குள் இழுத்தீர்கள். நீங்கள் செய்தது தப்பு என்று எழுத எனக்கு வாய் வராது. உங்கள் வேலை போயிருந்தால் அத்தனை ஆட்களும் எங்கே போவது? நானும் முதுகில் கொழுந்துக் கூடையோடு கானுக்குள் நின்றவள்தானே.

ஆனாலும் அன்றைக்கு மைதானத்தில் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது.

“சாமு, இங்க எறங்குறதுக்குக் கான் இல்ல. ஓடு,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமா, வெட்கமா? இன்றைக்கு வரை நான் கேட்கவில்லை.

மறுபாதியில் பக்கம் மாறுமே, அவனுக்கு நாற்காலிப் பக்கம் இல்லாமல் போய்விட்டது. நான் பெருமூச்சு விட்டேன், இனித் தொந்தரவில்லை என்று. ஆனால் சாமு காசிமிடம் ஏதோ சொன்னான். காசிம் சிரித்துக்கொண்டு, வலது பக்கத்து ஆளைக் கூப்பிட்டு இவன் இடத்துக்கு அனுப்பிவிட்டான். நம் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டு அந்த நாற்காலிகளின் பக்கமே வந்து நின்றான்.

முதல் பந்தையே கோட்டோடு கொண்டுபோனான். கோட்டுக்கும் அவன் காலுக்கும் நடுவில் புல் நுழைய இடமில்லை. நம் துரை பார்த்தார், பார்த்தார், கடைசி நொடியில் நீட்டியிருந்த காலை வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். காலுறையெல்லாம் சேறு. சாமு திரும்பிப் பார்க்கவில்லை. முனை வரைக்கும் ஓடி, பந்தை நடுவுக்குக் கொடுத்தான். காசிம் தலையால் முட்டி உள்ளே போட்டான். கடைவீதிப் பக்கமிருந்து எவனோ, “கங்காணி பேரனுக்குத் தொரையே வழி உட்டுட்டாருடா,” என்றான்.

துரை என்ன செய்தார் தெரியுமா? சேற்றைத் தட்டிவிட்டுக் கை தட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோல் விழுந்ததை அன்றே உங்களிடம் சொன்னேன். இந்தக் கதையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்களா, அல்லது மறுநாள் துரை முகத்தைப் பார்க்கப் பயந்திருப்பீர்களா?

சாமு நல்ல கங்காணியாக இருப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே வந்தால் அந்தக் காலை மறுபடி பழைய மாதிரி பழக்க வேண்டும். ஒரு மாதத்தில் பழகியும் விடும். பந்தாடுகிறவனுக்குக் காலமே கொஞ்சம்தான். முழங்கால் இப்போதே வீங்குகிறது. இருக்கிற வருஷங்களை இங்கே கொடுத்துவிட்டால் பிறகு யார் திருப்பித் தருவார்கள்?

போன வாரம் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் தமிழ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

“கெழவி, சாமுவேல் எப்போ வரும்?”

“வராதுங்க தொரை.”

கணக்கப்பிள்ளை என் முழங்கையை இடித்தார். “யோசிச்சுச் சொல்லு ஆத்தா, காம்பரா போயிரும்.”

“யோசிச்சுத்தான் சொல்றேங்க ஐயா.”

“இங்கே கங்காணி வேலை. அங்கே பந்து. எது பெரிசு?” என்று துரை கேட்டார்.

“தொரையே அன்னைக்குக் கை தட்டினீங்களே,” என்றேன்.

அவர் பேர்ப்புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, அப்படியானால் யாரைப் போடுவது என்று கேட்டார். உங்களுக்குக் கீழே வேலை பார்த்த மருதமுத்து பெயரைச் சொன்னேன். அவன் எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் கொழுந்து நிறுக்கும்போது தராசில் கை வைக்காதவன் அவன் ஒருவன்தான். பெண்கள் அவனிடம் பயமில்லாமல் காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்பார்கள். நம் ஆட்களைத் தெருவில் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். துரை சம்மதித்துவிட்டார்.

சாமுவுக்கும் எழுதிவிட்டேன்: “பந்த விட்டுட்டுக் கப்பல் ஏறினா, நான் உன்கூடப் பேச மாட்டேன்.” மேரி வாசித்துவிட்டு அழுதாள். பிறகு அவளே தபாலில் சேர்த்தாள்.

மாதம் பிறந்ததும் மேரி குடும்பத்தோடு பக்கத்து லயத்துக்கு மாறுகிறாள். நான் மடுல்சீமைக்கு ரெபேக்காவிடம் போகிறேன். நீங்கள் கேட்டதை நான் செய்யவில்லை. கோபமா? கோபமென்றால் நான் அங்கே வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்வோம். அதுவரை உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், ஆள் மேல் ஆள் வந்து கேட்டாலும், அவன் காலில் ஓட்டம் இருக்கும்வரை அவனைத் திரும்ப வரச் சொல்ல மாட்டேன். மற்றவர்களையும் சொல்ல விட மாட்டேன்.

சாமு, இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும் என்று ஐயர் சொன்னார். சிங்கப்பூரில் எடுத்த அணிப் படத்தில் நீ வரிசைக் கடைசியில் நின்று, பாதி ஆள்தான் விழுந்திருக்கிறாய். ஒரு தோளும் ஒரு காலும். மடுல்சீமையில் என் சுவரில் மாட்ட அது போதாது. இலங்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. நடுவில் வந்து நிற்க வேண்டாம், உன் ஓரத்திலேயே நில். படம் எடுக்கிறவனைப் பின்னால் தள்ளிப் போகச் சொல்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியும் சாமுவின் அம்மாயியுமான
ஞானம்மா